முள்ளோடு முள்

மரப்பெட்டிகள் மூன்று ஹித் கடற்கரை வீட்டில் வந்திறங்கின.
ஏலத்தில் எடுத்தவர் அபூ ஈசா.
ஆணி பிடுங்கியவர்கள் நானும் தாத் கரீமும்.
உள்ளே நுரைப்பஞ்சு. அதனடியில்
நூறு வயது தாண்டிய பித்தளை,
தன் எண்களில் ஒன்றையும் மறக்காதது.

ஒன்பதடிக் குழல், இரு முனையிலும் கண்.
வட்டத் தகடு ஒன்று: குறுக்கே ஓடும் சட்டம் நம் கப்பல்,
அதன் கீழே சின்னதாய்ச் சுழலும் சட்டம் எதிரி.
மூன்றாவது, கடிகாரம். முகத்தில் மணி இல்லை,
கஜங்கள்.

“ஓடுமா?” என்றார் அபூ ஈசா.
பகலில் நான் சித்ரா சுத்திகரிப்பு ஆலையில்
அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவன்.
முள் சரியா என்று பார்ப்பேன்.
எதன் அழுத்தம் என்று பதினோரு வருடமாய்க் கேட்டதில்லை.
ஓடும் என்றேன்.
ஆறு வாரம், நான்கு புதுப் பற்சக்கரம்,
கரீமின் கட்டைவிரலில் ஒரு தையல்.

தை மாத வெள்ளிக்கிழமை, வடகாற்று அடங்கிய காலை.
மாடிக்கு ஏற்றினோம்.
கோடையில் கடல் கானலாய் நடுங்கும்,
எந்தத் தூரத்தையும் நம்ப முடியாது.
அன்று அடிவானம், சவரம் செய்த தாடை.

லாஞ்ச் ஒன்று சாவகாசமாய் வடகிழக்கே போனது.
“அதுதான் எதிரி,” என்று சிரித்தார் கரீம்.
அக்கருவியில் அதற்கு வேறு பெயர் பொறிக்கவில்லை.

நம் வேகம்? சுழி. மாடி நகராது.
அவன் வேகம்?
அணியத்து நுரையைப் பார்த்தார், க்வாதரில் பிறந்தவர்:
ஏழு நாட்.
எந்தக் கோணத்தில் முகம்? அது என் ஊகம்.
சட்டத்தைத் திருப்பியதும் ஊசி கட்டங்களின் மேல் நின்றது:
நிமிடத்துக்கு நூற்றைம்பது கஜம், விலகிக்கொண்டு.

தூரத்தைவிட, தூரம் மாறும் வேகம் முக்கியம் என்று
அட்மிரல்களுக்குப் புரியப் பல வருடம் பிடித்ததாம்.
கந்துவட்டிக்கு வாங்கி விமானம் ஏறியவனுக்கு
முதல் மாதமே புரியும்.

குழலில் கண் வைத்தேன்.
உலகம் நடுவில் அறுபட்டிருந்தது.
லாஞ்சின் பின்தளத்தில் ஒருவன் துணி காயப்போடுகிறான்.
பனியன் போட்ட தோள் வலப்பக்கம் மிதக்கிறது,
கைலி தனியே நிற்கிறது.
அந்தக் கட்டு எனக்குத் தெரிந்த கட்டு.
திருகை நகர்த்தினேன். மெல்ல, மெல்லத்
தோளைக் கொண்டுவந்து இடுப்பின் மேல் வைத்தேன்.
முழு ஆள்.
நாலாயிரத்து இருநூறு.

ஆளை ஒட்டினால்தான் தூரம் தெரியும்.
தூரம் தெரிந்தால்,
அந்த வாக்கியத்தை முடிக்க அவர்களிடம் பீரங்கி இருந்தது.

கடிகாரத்தை விட்டோம். முள் நடந்தது, கடலைப் பாராமல்.
கோபுரத்துக்குள் இருந்தவனும் பார்த்திருக்க மாட்டான்:
எஃகுச் சுவர், எண்ணெய் வாடை, முன்னால் ஒரு தட்டு.
சிவப்பு முள் போகும் இடத்துக்கெல்லாம்
கறுப்பு முள்ளைக் கொண்டுபோய் நிறுத்துவது வேலை.
கொடிமரத்து உச்சியில் யாரோ விசையை இழுப்பான்,
பத்துக் குழலும் ஒரே சமயத்தில் பேசும்.
முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பார்கள்.
முள்ளை முள்ளால் தொடர்ந்தவனுக்கு
எதை எடுத்தோம் என்று யாரும் சொல்வதில்லை.

நாலு நிமிடம். முள்: நாலாயிரத்து எண்ணூறு.
மறுபடி குழல், மறுபடி வெட்டுண்டவன்.
இப்போது வாளியைக் கவிழ்க்கிறான்.
ஒட்டினேன். நாலாயிரத்து எழுநூற்று எழுபது.
கரீம் சிகரெட் அட்டையில் கழித்தார்.
“முப்பது. தாண்டி விழுந்திருக்கும்.”
ஒரு லாஞ்சின் நீளம்.
“முப்பது குறைத்தால் அடுத்தது...” என்றவர்
பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அபூ ஈசா கைதட்டினார். மகன்களைக் கூப்பிட்டார்.
கீழே மச்பூஸ் தயார் என்றார்.

லாஞ்ச் நின்றுவிட்டது, மீன்கூடு தூக்க.
கடிகாரத்துக்கு அது தெரியாது.
ஐயாயிரம். ஐயாயிரத்து நூறு.
அது குறிவைத்த இடத்தில் வெறும் தண்ணீர்.
நிறுத்தக் கை நீட்டினார் கரீம்.
விடுங்கள் என்றேன்,
ஓடட்டும்.